ஏலாத நாளையும் கணக்கில் எடுங்கள்

நோயோடும் இயலாமையோடும் கொடுப்பனவுக்கும் வேலைக்கும் விண்ணப்பிப்போருக்கு ஒரு பாடம்



காணியை விட்டு வந்த கமக்காரக் குடும்பத்துக்குக் கடைசியாக மிஞ்சும் முதல் உடல்தான். அந்த உடலும் நோயில் விழுந்துவிட்டால் குடும்பம் எதைக் கொண்டு சீவிப்பது? அரசாங்கத்தின் கொடுப்பனவுகளும் வேலைவாய்ப்புச் சேவைகளும் இப்படியானவர்களுக்காகவே உள்ளன. ஆனால் அவற்றைப் பெறுவதற்கு அலையவும், வரிசையில் நிற்கவும், படிவம் நிரப்பவும், கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் வேண்டியுள்ளது. சுகதேகிக்கே களைப்பைத் தரும் இந்த வேலையை நோயாளி செய்ய வேண்டியுள்ளது. இடைநடுவில் கைவிட்டவர்கள் எமது கிராமங்களிலும் முகாம்களிலும் பலர் உள்ளனர்.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டோருமானவர்களில் 8.7 சதவீதமானோர், அதாவது சுமார் 16 இலட்சம் பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல் போன்றவற்றில் ஏதோவொரு சிரமத்துடன் வாழ்ந்தனர். ஆகவே இது ஒரு சில வீடுகளின் கதையல்ல.

1. சட்டம் எதைப் பார்க்கிறது?

"எனக்குக் கை கால் எல்லாம் இருக்கிறதே, நான் எப்படி வலுவிழந்தவன் ஆவேன்?" என்று சிலர் கேட்கின்றனர். இதற்கு விடை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தில் உள்ளது. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் அச்சட்டம், உடல் அல்லது உள ஆற்றலில் உள்ள குறைபாட்டினால் தன் வாழ்க்கைக்கு அவசியமானவற்றை முழுமையாகவோ பகுதியாகவோ தானே செய்துகொள்ள முடியாதவரை வலுவிழந்தவர் என்கிறது. அக்குறைபாடு பிறப்பிலே வந்திருக்க வேண்டும் என்றில்லை.

இதில் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். உள ஆற்றலும் இதில் அடங்கும். முழுமையாக முடியாதவர் மட்டுமல்ல, பகுதியாக முடியாதவரும் அடங்குவர். காயம் எவ்வளவு பெரியது என்பதல்ல, அதனால் உங்கள் வாழ்க்கையில் எதைச் செய்ய முடியாமல் இருக்கிறது என்பதே கேள்வி.

கால் இழந்தவரின் நிலை பார்த்தவுடன் விளங்கும். சிறுநீரக நோய், இருதய நோய், வலிப்பு, மனச்சோர்வு, உடலுக்குள் தங்கிவிட்ட செல் துண்டு ஆகியவை வெளியே தெரியா. 1990களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்தில் கண்டறியப்பட்ட, காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வயலில் உழைப்போரையே அதிகம் பிடித்தது. அந்த நோயாளி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தால் ஒரு குறையும் தெரியாது. வெளியே தெரியாத நோயை வாயாலும் எழுத்தாலுமே காட்ட வேண்டும்.

2. எந்தக் கதவு எதற்கு?

பல திட்டங்கள் ஒன்றுடன் ஒன்று கலந்து பேசப்படுவதால் மயக்கம் உண்டாகிறது. பிரித்து அறிந்துகொள்வோம்.

அ) அஸ்வெசும: 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023இல் தொடங்கப்பட்டது. இது குடும்பத்துக்குரியது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு ஆகியவற்றைச் சார்ந்த 22 சுட்டிகளைக் கொண்டு குடும்பங்கள் தெரிவு செய்யப்பட்டன. நாட்பட்ட நோயும் இயலாமையும் இக்கணிப்பில் சேரும். எனவே வீட்டுக்கு விபரம் எடுக்க வருபவரிடம் நோயாளியைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது.

ஆ) வலுவிழந்தோருக்கும் சிறுநீரக நோயாளருக்குமான மாதாந்தக் கொடுப்பனவு: இது ஆளுக்குரியது. 2024இல் 7,500 ரூபாவாக இருந்த இத்தொகையை 10,000 ரூபாவாக உயர்த்துவதாக 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. தொகைகள் மாறுவதுண்டு, பிரதேச செயலகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். அஸ்வெசுமவுக்குப் பதிந்துவிட்டதால் இதற்கும் பதிந்தாயிற்று என எண்ண வேண்டாம். சமூக சேவை உத்தியோகத்தரிடம் தனியாகக் கேளுங்கள்.

இ) கமக்காரர் ஓய்வூதியத் திட்டம்: 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. இதில் சேர்ந்து தவணைப் பணம் கட்டியவருக்கு முதுமையில் ஓய்வூதியம் மட்டுமல்ல, நிரந்தர இயலாமைக்கான நன்மையும் உண்டு. இடம்பெயர்வுக்கு முன் கட்டிய புத்தகம் தொலைந்திருந்தாலும், கமநல சேவை நிலையத்தில் உங்கள் பெயரைக் கொடுத்து விசாரியுங்கள்.

ஈ) ஊழியர் சேமலாப நிதி: ஆலையிலோ கம்பனியிலோ தோட்டத்திலோ வேலை செய்த காலம் இருந்தால், நிரந்தரமாக வேலை செய்ய முடியாது என்ற வைத்தியச் சான்றுடன் வயது வருமுன்னரே அந்நிதியைப் பெற விண்ணப்பிக்கலாம்.

3. ஏழு நாட் கொப்பி

மதிப்பீட்டுக்குப் போகுமுன் செய்யவேண்டிய முதல் வேலை இதுவே. ஒரு பள்ளிக் கொப்பியை எடுத்து, ஏழு நாட்களுக்குத் தினமும் மாலையில் நான்கு விடயங்களை எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள்.

- இன்று நான் செய்த வேலை என்ன? எவ்வளவு நேரம்?
- செய்யத் தொடங்கி முடிக்காமல் விட்டது எது?
- எனக்காக மற்றவர் செய்தது எது? செய்தவர் யார்?
- வேலைக்குப் பின் உடம்பும் மனமும் எப்படி இருந்தன?

ஓர் உதாரணம்: "செவ்வாய். காலையில் பயிற்றங்கன்றுக்குத் தண்ணீர் விட்டேன், கால் மணித்தியாலம். தலை சுற்றியது. இருந்துவிட்டேன். மீதியை மகள் விட்டாள். மத்தியானம் சோறு சாப்பிட முடியவில்லை. பின்னேரம் வரை படுத்திருந்தேன்." இவ்வளவும் போதும். அழகாக எழுத வேண்டியதில்லை. வலிப்பு உள்ளவர்கள் வந்த திகதியையும் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும், மனநோய் உள்ளவர்கள் நித்திரை கொண்ட நேரத்தையும் சாப்பிட்டதையும் மற்றவருடன் பேசியதையும் குறித்தல் நல்லது.

ஏன் ஏழு நாள்? எல்லா நோய்களும் நாளுக்கு நாள் ஒரே மாதிரி இருப்பதில்லை. நல்ல நாளும் உண்டு, ஏலாத நாளும் உண்டு. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எப்படித் தீர்மானிக்கிறோம்? மாரியில் குளம் வான் பாய்ந்த நாளை நினைத்தா? இல்லை. கோடை முழுவதற்கும் குளத்தில் நிற்கும் தண்ணீர் எத்தனை அடி என்று பார்த்தே தீர்மானிக்கிறோம். உடம்பின் கணக்கும் அப்படியே. ஒரு நல்ல நாளில் செய்ததை எல்லா நாளும் செய்யமுடியும் என்று சொல்லிவிட்டால், இடையில் தண்ணீர் வற்றிப் பயிர் கருகும்.

இக்கொப்பியைக் கிளினிக்குக்கும் கொண்டுசெல்லுங்கள். வைத்தியர் உங்களைப் பார்ப்பது சில நிமிடம். உங்கள் வீட்டுக்குள் நடப்பது அவருக்குத் தெரியாது. கொப்பியைப் பார்த்தால், நோயின் பெயரை மட்டும் எழுதாமல், அந்நோயால் எதைச் செய்ய முடியவில்லை என்பதையும் சான்றிதழில் எழுத அவருக்கு உதவியாக இருக்கும். அதை எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

4. மதிப்பீட்டு நாளில்

எமது கமக்காரரிடம் ஒரு பழக்கம் உண்டு. பிறர் முன்னால் ஏலாது என்று சொல்ல அவர்கள் வெட்கப்படுவார்கள். வயலில் அது நல்ல குணம். மதிப்பீட்டில் அதுவே பாதகமாகும். இப்படி ஓர் உரையாடலை எண்ணிப் பார்ப்போம்:

"ஐயா, நடக்க ஏலுமோ?"

"ஓம் மிஸ், நடப்பன்."

"உங்கட அலுவலுகளை நீங்களே பாப்பியளோ?"

"ஓம், பாப்பன். கடவுள் புண்ணியத்தில ஒரு குறையுமில்லை."

உத்தியோகத்தர் கேட்டதை எழுதிக்கொள்வார்: நடப்பார், தன் வேலைகளைத் தானே செய்வார். அவர் மீது பிழை சொல்ல முடியாது. இந்தக் கமக்காரர் பொய்யும் சொல்லவில்லை. ஆனால் உண்மையில் பாதியைத்தான் சொன்னார். மீதியையும் சேர்த்தால் பதில் இப்படி அமையும்:

"வீட்டிலயிருந்து பஸ் தரிப்பிடம் வரைக்கும் நடப்பன் மிஸ். இடையில ரெண்டு தரம் இருந்து எழும்பவேணும். கிழமையில ரெண்டு நாள் ஆஸ்பத்திரி. போட்டு வந்தால் அடுத்த நாளும் படுக்கைதான். தண்ணி அள்ளுறதும் விறகு கொத்துறதும் மனிசி. இந்தக் கொப்பியில எழுதியிருக்கு, பாருங்கோ."

எந்த வேலையைக் கேட்டாலும் பதிலில் நான்கும் வரட்டும்: எவ்வளவு தூரம் அல்லது நேரம், எத்தனை தரம், யாருடைய உதவியோடு, பின்னர் என்ன நடக்கிறது.

இல்லாததைக் கூட்டிச் சொல்லாதீர்கள். நடக்கக்கூடியவர் நடக்கவே முடியாது என்று சொல்லி, மறுநாள் சந்தையில் காணப்பட்டால், அவருடைய உண்மையான நோயையும் எவரும் நம்பமாட்டார்கள். அடுத்து வரும் நோயாளிக்கும் அது கெடுதல்.

மேலும் சில குறிப்புகள்:

- தனியே போகவேண்டாம். உங்கள் அன்றாட நிலையை அறிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். நீங்கள் மறந்ததை அவர் சொல்லுவார்.
- மருந்தையும் சாப்பாட்டையும் தண்ணீரையும் கொண்டுசெல்லுங்கள்.
- மூலப் பத்திரங்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பிரதியைக் கொடுத்து, மூலத்தைக் காட்டுங்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டதற்குத் திகதியுடன் ஒரு கையெழுத்துக் கேளுங்கள்.
- வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழியாகும். விளங்காத மொழியில் எழுதிய படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள்.
- அலுவலகம் மேல்மாடியில் இருந்தால், உத்தியோகத்தரைக் கீழே வரும்படி கேட்பது தவறல்ல. அரச கட்டடங்கள் வலுவிழந்தோர் செல்லக்கூடியவையாக இருக்கவேண்டும் என 2006ஆம் ஆண்டிலேயே ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டன.

குறித்த நாளில் கிளினிக் இருந்தாலோ எழும்ப முடியாவிட்டாலோ, பேசாமல் இருந்துவிடாதீர்கள். வராதவர் தேவையில்லாதவர் என்றே கணிக்கப்படுவார். அன்றைக்கு முன்னரே ஒருவரிடம் இப்படி ஒரு கடிதம் கொடுத்தனுப்புங்கள்:

"எனது பெயர், அடையாள அட்டை இலக்கம், விண்ணப்ப இலக்கம் இவை. குறித்த திகதியில் எனக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக் உள்ளது. கிளினிக் கொப்பியின் பிரதியை இணைத்துள்ளேன். வேறு திகதி தரும்படியோ, வீட்டுக்கு வந்து பார்க்கும்படியோ தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

5. பத்திரங்களைத் தொலைத்தவர்களுக்கு

ஓடிவந்தபோது பலரும் பிள்ளைகளைத் தூக்கினார்களே தவிர, பெட்டியைத் தூக்கவில்லை. பத்திரம் இல்லை என்பதற்காக விண்ணப்பிக்காமல் விடக்கூடாது.

பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவிலும், அடையாள அட்டைக்குக் கிராம அலுவலர் ஊடாகவும் விண்ணப்பியுங்கள். பழைய ஆஸ்பத்திரித் துண்டு இல்லாவிட்டால், சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் ஆண்டையும் பெயரையும் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் சோரவேண்டாம். காயம் பழையதானாலும் இயலாமை இன்றையது. இன்றைய வைத்தியர் இன்று பரிசோதித்து இன்றைய நிலையை எழுதலாம்.

இன்னொரு சிக்கல் விலாசம். பதிவு சொந்த ஊரில், சீவியம் வேறு ஊரில் என்ற நிலையில், இரண்டு விதானைமாரும் "அங்கே கேளுங்கள்" என்று அனுப்பினால் நோயாளி நடுவில் அலைவார். அப்படி நேர்ந்தால் பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, எந்தப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். வாய்ப் பேச்சை இன்னொருவர் மறுக்கலாம், கடிதத்தை மறுப்பது கடினம்.

6. மறுக்கப்பட்டால்

மறுப்புடன் அலுவல் முடிந்துவிடாது. அஸ்வெசுமவின் முதற்பட்டியல் 2023இல் வெளியானபோது, விடுபட்டவர்களிடமிருந்து மேன்முறையீடுகள் ஏற்கப்பட்டன. மேன்முறையீட்டுக்குக் கால எல்லை உண்டு. ஆகவே பட்டியல் ஒட்டப்பட்ட அன்றே, கடைசித் திகதி எது என்று கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள்.

மேன்முறையீட்டில் "நாங்கள் ஏழைகள், உதவி செய்யுங்கள்" என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. எந்த விபரம் பிழையாகப் பதியப்பட்டது என்று எழுதுங்கள். வீட்டில் நாட்பட்ட நோயாளி இல்லை என்று பதிந்திருந்தால், அதையே குறிப்பிட்டு வைத்தியச் சான்றை இணையுங்கள்.

காரணம் தெரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் உதவும். பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம், உங்கள் விண்ணப்பத்தில் என்ன பதியப்பட்டுள்ளது, எக்காரணத்தால் மறுக்கப்பட்டது என்று கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் கேட்டால் அதை எழுத்தில் பதிவதும் அவருடைய கடமை. தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். ஆனால் தகவல் வரும்வரை காத்திருந்து மேன்முறையீட்டுக் காலத்தைத் தவறவிடாதீர்கள். இரண்டையும் ஒருங்கே செய்யுங்கள்.

அதற்கு மேலும் தடையிருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவையும், பாரபட்சம் காட்டப்பட்டிருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவையும் நாடலாம்.

7. வேலை தேடும்போது

நோயாளி என்றால் வேலையே வேண்டாம் என்பதில்லை. அளவான வேலை பலருக்கு மனத்தெம்பைத் தரும். பிரதேச செயலகங்களில் மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் வேலை தேடுவோரைப் பதிகின்றனர். சமூக சேவைகள் திணைக்களம் வலுவிழந்த இளைஞர்களுக்காகச் சீதுவ போன்ற இடங்களில் தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்துகிறது. அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களில் 3 சதவீதத்தைத் தகைமையுள்ள வலுவிழந்தோருக்கு வழங்கவேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை கூறுகிறது. இயலாமையைக் காரணங்காட்டி வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இவற்றைக் குறிப்பிட்டு எழுதலாம்.

இங்கே பலருக்கு ஒரு பயம் உண்டு. வேலைக்குப் பதிந்தால் கொடுப்பனவு நின்றுவிடுமோ என்று எண்ணி, ஓரிடத்தில் ஒன்றும் ஏலாது என்றும், மற்ற இடத்தில் எல்லாம் ஏலும் என்றும் சொல்லுகின்றனர். இரண்டு இடத்திலும் அகப்பட்டுக்கொள்ளும் வழி இது. முதல் இடத்தில் பொய்யர் ஆகிறார். இரண்டாம் இடத்தில் தாங்க முடியாத வேலை கிடைத்து, இரண்டு கிழமையில் படுக்கையில் விழுகிறார். இரண்டு இடத்திலும் ஒரே வசனத்தைச் சொல்லுங்கள்: "இருந்து செய்யும் வேலை, நாளுக்கு மூன்று மணித்தியாலம், கிழமையில் நாலு நாள் செய்யலாம். பாரம் தூக்க ஏலாது. கிளினிக் நாளில் வரமுடியாது." இது உங்கள் ஏழு நாட் கொப்பியிலிருந்து வரும் வசனம். கொடுப்பனவுக்கு என்ன நேரும் என்பதை வேலை ஏற்குமுன் சமூக சேவை உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்டறியுங்கள்.

சுயதொழில் உதவி பெறுவோருக்கும் இதே கணக்குத்தான். ஆடு தருகிறார்கள் என்றவுடன் வாங்கிவிடாமல், மிகவும் ஏலாத கிழமையில் இந்த ஆட்டுக்குக் குழை வெட்டுவது யார், கோழிக்கூட்டைத் துப்புரவாக்குவது யார் என்று வீட்டார் கூடிப் பேசுங்கள். பதில் இல்லாவிட்டால், இரண்டு நாள் பொறுக்கக்கூடிய தொழிலைக் கேளுங்கள்: பாய், பெட்டி இழைத்தல், தையல், விதை துப்புரவாக்கிப் பொதிசெய்தல் போன்றவை. அத்தொழிலுக்காக நுண்கடன் எடுப்பது ஆபத்து. உடம்பு ஏலாத கிழமையிலும் தவணை கட்ட வேண்டும்.

8. சுமையைப் பகிர்தல்

வயலில் அருவி வெட்டுக் காலத்தில் கைமாற்று வேலை செய்தோம். இந்த அலுவல்களிலும் அதைச் செய்யலாம். எழுத்துத் தெரிந்த ஒரு பிள்ளை படிவம் நிரப்பட்டும். சைக்கிள் உள்ளவர் கடிதத்தைக் கொண்டுபோகட்டும். பட்டியல் ஒட்டப்பட்டதா என்று செயலகத்துக்குப் போகும் ஒருவர் பத்துப் பேருக்கும் பார்த்து வரட்டும். ஒரே கிளினிக்குக்குப் போவோர் சேர்ந்து ஒரு வாகனம் பிடிக்கட்டும். நோயாளி செய்யவேண்டியது தன் நிலையை உண்மையாகச் சொல்லுவது மாத்திரமே. மற்றவற்றில் பெரும்பகுதியை அயலவர் செய்யலாம்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. எமது கிராமத்தில் அல்லது முகாமில் வெளியே தெரியாத நோயுடன் வாழ்பவர்கள் யார்? அவர்களில் எத்தனை பேர் விண்ணப்பிக்கவில்லை? ஏன்?

2. மேலே உள்ள உரையாடலை இருவர் நடித்துக் காட்டுங்கள். முதலில் பாதி உண்மையுடன், பின்னர் முழு உண்மையுடன். உத்தியோகத்தராக நடித்தவர் இரண்டு தடவையும் எழுதியதை வாசிக்கட்டும்.

3. எமது பிரிவின் சமூக சேவை உத்தியோகத்தர், தகவல் அலுவலர், மனிதவலு உத்தியோகத்தர் எந்த நாட்களில் அலுவலகத்தில் இருப்பார்கள்? இதை அறிந்து வருபவர் யார்?

4. படிவம் நிரப்ப உதவக்கூடிய மூவரைத் தெரிவுசெய்யுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன் செய்யவேண்டியது: ஒவ்வொரு நோயாளியின் வீட்டிலும் ஏழு நாட் கொப்பி இன்று மாலையே தொடங்கட்டும்.